பிரேக் தேய்வதை யார் பார்ப்பது?

கடந்த ஆனி மாதக் கடைசியில், உதகையிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். வாகனத்தை ஓட்டியது நான். உடன் என் மனைவி, தம்பியின் மனைவி, பத்து வயதான தம்பி மகள். குன்னூரைத் தாண்டிச் சிறிது தொலைவு வந்ததும் ஏதோ கருகும் வாடை மூக்கில் ஏறியது. முன்னால் சென்ற லாரியிலிருந்து வருகிறது என்றே நினைத்தேன். லாரி ஓரங்கட்டி எங்களுக்கு வழிவிட்ட பிறகும் வாடை எங்களுடனேயே வந்தது. பர்லியாற்றுக்குச் சற்று மேலே ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது, மிதி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. பஞ்சுத் தலையணையை மிதித்ததைப்போலக் கீழே சென்றது. மீண்டும் மிதித்தேன், இன்னும் கீழே சென்றது.

கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மங்குஸ்தான் பழக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் மலைப்பக்கமாக வண்டியை நிறுத்தினேன். முன் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. பழக் கடைக்காரர் பதறவில்லை. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம் என்று மட்டும் எச்சரித்தார். பழுக்கக் காய்ந்திருக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசல்கூட விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பாரோ!

நாற்பது நிமிடங்களுக்குப் பின் மிதி மீண்டும் இறுகியது. அத்துடன் கிளம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. நல்வாய்ப்பாக, மேட்டுப்பாளையத்திலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைக்கலாம் என்று என் மனைவி பிடிவாதமாக நின்றார். வந்தவர் வலப்புற முன் சக்கரத்தைக் கழற்றினார். வெளிப்பக்க பிரேக் பேடில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. உள்பக்க பேடில் எதுவுமே இல்லை. வெறும் இரும்புத் தகடு, டிஸ்க்கை உழுது வைத்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான் அந்த வாகனத்தை ஒரு பணிமனையில் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். வளைவுகளில் திரும்பும்போது சிவப்பு விளக்கு ஒன்று மின்னி மறைவதாகப் புகாரும் கூறியிருந்தேன். "பிரேக் ஆயில் குறைந்திருந்தது, நிரப்பிவிட்டோம்" என்றார்கள். விளக்கும் அணைந்தது, நானும் மகிழ்ந்தேன். இதைக் கேட்ட மேட்டுப்பாளையத்து மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "ஏனுங்க, பேடு தேஞ்சதாலதானுங்க ஆயிலே இறங்கியிருக்குது. ஆயில ஊத்தி வெளக்க அணைச்சுப்போட்டாங்க. பேட ஒருத்தருமே பாக்கலீங்களே!"

அவர் கூறிய அந்த இரண்டு மூன்று வாக்கியங்களில் இருக்கும் பொறியியலைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. வாகன உரிமையாளர்களில் பெரும்பாலானோர் என்னைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிரேக் பேட் என்பது எளிய பொருள். சுமார் 5 மி.மீ. தடிமனுள்ள ஓர் எஃகுத் தகடு. அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும் உராய்வுப் பொருள். நார்கள், உலோகத் துகள்கள், கிராஃபைட், இவற்றையெல்லாம் பிணைக்கும் பிசின் ஆகியவற்றைக் கலந்து, அழுத்தி, வேக வைத்துச் செய்வது. சக்கரத்துடன் சுழலும் இரும்பு டிஸ்க்கின் இருபுறமும் ஒவ்வொரு பேட் இருக்கும். நாம் மிதியை அழுத்தும்போது, குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தை காலிப்பர் எனும் கவ்விக்குக் கொண்டு செல்கிறது. கவ்வியில் உள்ள பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. இரு பேடுகளும் டிஸ்க்கை நெரிக்கின்றன. வாகனம் நிற்கிறது.

தேய்வதற்கென்றே ஒரு பொருளை வைத்து, மற்றதைக் காப்பாற்றுவது பழைய உத்தி. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் பயணம் செய்தார். உலகின் முதல் நெடுந்தொலைவுக் கார் பயணம் என்று கொண்டாடப்படுவது அது. இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் துண்டுகளை வாங்கி அவற்றின்மேல் அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங்கின் கதை அந்தத் தோல் துண்டில் தொடங்குவதாகச் சொல்வார்கள். 1897-இல் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃபுரூட், குதிரை வண்டிகள் மலைச்சரிவில் இறங்கப் பட்ட பாட்டைப் பார்த்து பிரேக் கட்டைகளுக்கான உராய்வுப் பொருளை உருவாக்கினார். 1902-இல் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் கல்நார் வந்தது. அதன் தூசு நுரையீரலைத் தின்னும் என்று தெரிந்ததும் பல நாடுகளில் அது கைவிடப்பட்டது. பெர்த்தா பென்ஸின் இக்கட்டும் இறக்கத்தில்தான் நேர்ந்தது என்பது எனக்குச் சிறிய ஆறுதல்.

இனி, தேய்வது எதனால்? "உராய்வினால்" என்பது பாதி விடைதான். பிரேக் செய்யும் உண்மையான வேலை, ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. ஆள்களுடன் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்கிறது, அதை முழுமையாக நிறுத்துகிறோம் என்று கொள்வோம். அந்த ஒரு நிறுத்தத்தில் ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். நம் வீட்டுக் குழாய் நீர் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பம் அது. சில விநாடிகளில், உள்ளங்கை அகலமுள்ள சில பேடுகளும் டிஸ்க்குகளும் அவ்வளவையும் வாங்கிக்கொள்கின்றன.

வேகம் இரட்டித்தால் இந்த வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். 40 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் மேற்கூறியதில் கால் பங்குதான். 80-க்குப் பதிலாக 60-இல் வந்து நிறுத்தினால்கூட வெப்பம் ஏறத்தாழ பாதியாகிவிடும். வேகமாக வந்து, சிக்னலுக்கு முப்பதடி இருக்கும்போது அழுத்தி மிதிப்பவர் பேடை எரிக்கிறார். சிவப்பைத் தொலைவிலேயே பார்த்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை உருள விடுபவர் அதே ஆற்றலைக் காற்றுக்கும் எஞ்சினுக்கும் கொடுத்துவிடுகிறார்.

மலைக் கணக்கு இன்னும் பெரியது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் இருப்பது 326 மீட்டரில். அதே 1,200 கிலோ கார் இந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 75 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சினிடம் ஒப்படைக்கிறோமா, பிரேக்கிடம் ஒப்படைக்கிறோமா என்பதே கேள்வி. நான் நான்காவது கியரில், பிரேக் மிதியில் காலை வைத்தபடியே வந்தேன். எஞ்சின் ஓய்வெடுத்தது, பேடுகள் வெந்தன. மலைச்சாலைகளில் இரண்டாவது கியரில் இறங்குமாறு பலகைகள் வைத்திருப்பது அழகுக்கு அல்ல. ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் வழக்கத்தை நான் கேள்விப்பட்டிருந்தேன், கடைப்பிடிக்கவில்லை.

அதே மலையில் மேட்டுப்பாளையம் - உதகை ரயில் பற்சக்கரத் தண்டவாளத்தில் இறங்குகிறது. அங்கே எஞ்சினின் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்கை இயக்க ஒரு பணியாளர் நிற்கிறார். அதை வேடிக்கைப் பார்த்துப் படம் பிடிக்கிறோம். பிறகு, சர்வீஸ் ரசீதைக்கூடப் படித்துப் பாராமல் நம் காரில் ஏறிக் கிளம்புகிறோம்.

"பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நானும் கேட்டேன். 30,000 என்பார்கள், 50,000 என்பார்கள், 70,000 என்பாரும் உண்டு. மூவரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் சரியில்லை. எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையில்தான் அவருடைய நாள் கழிகிறது. 25,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பக்க பேடுகளை மாற்றுகிறார். என் நண்பர் ஒருவர் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் நான்குவழிச் சாலையிலேயே ஓட்டுபவர், 70,000 கி.மீ.யைத் தாண்டியும் அவருடைய பேடுகளில் மிச்சம் இருக்கிறது. பேடைத் தேய்ப்பது நாம் கடந்த தொலைவு அல்ல. நாம் நிறுத்திய தடவைகளும், எந்த வேகத்திலிருந்து நிறுத்தினோம் என்பதும், எவ்வளவு சுமையுடன் நிறுத்தினோம் என்பதும்தான்.

ஒரே வாகனத்திலும் தேய்மானம் சீராக இருப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. எனவே தடுக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன்சக்கரங்கள் செய்கின்றன. அங்குள்ள பேடுகளே முதலில் தேய்கின்றன. நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு இன்னமும் டிரம் பிரேக்தான். அதிலுள்ள ஷூக்கள் நீண்ட காலம் உழைக்கும். அதனாலேயே அவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தானியங்கி கியர் கார்களில் இடக்காலைச் சும்மா வைத்திருக்க முடியாமல் பிரேக்கின்மேல் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேறு புதிதாகப் பரவி வருகிறது. இது பேடுக்குச் செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல.

என் வண்டியில் உள்பக்க பேட் மட்டும் ஏன் தேய்ந்தது? காலிப்பர் இரண்டு சிறிய ஊசிகளின்மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ள, அதன் எதிர்விளைவாகக் கவ்வி முழுவதும் நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்துவந்து டிஸ்க்கில் சேர்க்கும். அந்த ஊசிகளில் கிரீஸ் உலர்ந்து, மண்ணும் துருவும் ஏறி இறுகிவிட்டால் கவ்வி நகராது. உள்பக்க பேட் ஒன்றே முழு வேலையையும் செய்யும். சக்கரத்தின் இடுக்கு வழியாகக் குனிந்து பார்ப்பவருக்குத் தெரிவதோ வெளிப்பக்க பேட் மட்டும்தான். அது நன்றாகத்தான் இருக்கும். ஆகவே, "பேட் பார்த்தாயிற்று" என்ற சொல்லுக்கு, சக்கரத்தைக் கழற்றி நான்கு முன் பேடுகளையும் பார்த்தாயிற்று என்று பொருள் இருந்தாலொழிய மதிப்பில்லை. சில நூறு ரூபாய்கூடப் பெறாத கிரீஸும் பத்து நிமிட வேலையும் செய்யப்படாததால் வந்த வினை இது.

சரி, எப்போது மாற்றுவது? கிலோமீட்டரை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் கேட்க வேண்டும். புதிய பேடில் உராய்வுப் பொருளின் தடிமன் பெரும்பாலான கார்களில் 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பலர் அதையும் சேர்த்துப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 2 மி.மீ.க்குக் கீழே ஓட்டுவது ஆபத்து. பிரிட்டனில் ஆண்டுச் சோதனையின்போது 1.5 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் அந்த வாகனத்துக்குத் தேர்ச்சி கிடையாது.

மிச்சமிருக்கும் ஆயுளை நாமே கணக்கிடலாம். 10 மி.மீ. இருந்த பேட் 20,000 கி.மீ. ஓடியபின் 7 மி.மீ. ஆகியிருக்கிறது என்று கொள்வோம். 3 மி.மீ. தேய 20,000 கி.மீ. எனில், 3 மி.மீ. எல்லையைத் தொட இன்னும் 4 மி.மீ. இருக்கிறது, அதாவது சுமார் 26,000 கி.மீ. ஆனால் இந்த நேர்க்கணக்கைக் கடைசிவரை நம்ப வேண்டாம். பேட் மெலிய மெலிய, வெப்பத்தைத் தாங்கும் பொருள் குறைகிறது, சூடு கூடுகிறது, தேய்மானம் விரைகிறது. அது மட்டுமல்ல. தடித்த பேட், டிஸ்க்கின் சூட்டை பிஸ்டனுக்கும் அதன் பின்னாலுள்ள ஆயிலுக்கும் செல்லவிடாமல் காக்கும் கவசமாகவும் இருக்கிறது. மெலிந்த பேட் அந்தக் காவலைக் கைவிடுகிறது. பர்லியாற்றில் என் மிதி கீழே சென்றதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் கார்களில் பரவலாகப் பயன்படும் டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். டாட் 4 வகை 230 டிகிரி வரை. ஈரம் ஏறிய நிலையில் இந்த வரம்புகள் முறையே 140, 155 டிகிரியாகக் குறைந்துவிடுகின்றன. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் மிதிக்கும் விசை பேடுக்குச் செல்லாமல் அந்தக் குமிழியை நசுக்குவதில் வீணாகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிட, மிதி இறுகுகிறது. ஒன்றும் நடவாதது போலத் தோன்றும். அடுத்த இறக்கத்தில் மீண்டும் நடக்கும். என் வண்டியில் இருந்த ஆயில் நான்கு ஆண்டுகள் பழையது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலான கையேடுகளில் உள்ளதுதான். பழையதன் மேலேயே கொஞ்சம் புதியதை ஊற்றியிருந்தார்கள்.

அந்தச் சிவப்பு விளக்குக்கு வருவோம். பேட் தேயும் அளவுக்கு பிஸ்டன் வெளியே நகர்ந்து நிற்கும். அது நகர்ந்த இடத்தை நிரப்ப, மேலேயுள்ள குடுவையிலிருந்து ஆயில் கீழே இறங்கும். எங்கும் கசிவில்லாமலேயே குடுவையில் மட்டம் குறையும். குறைந்தபட்சக் கோட்டை நெருங்கும்போது, வளைவில் வண்டி சாய்கையில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்க, விளக்கு மின்னும், நேர்ச்சாலையில் அணைந்துவிடும். பல கார்களில் கைப்பிரேக்குக்கும் இதற்கும் ஒரே விளக்குதான் என்பதால், கைப்பிரேக் சரியாக இறங்கவில்லை என்று எண்ணிவிடுகிறோம். மட்டம் குறைந்திருந்தால் ஒன்று பேட் தேய்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் எங்கோ கசிய வேண்டும். இரண்டில் எது என்று பார்க்காமல் ஆயிலை நிரப்புவது, காய்ச்சல்மானியைத் தண்ணீரில் முக்கிக் காய்ச்சலைக் குறைப்பதற்குச் சமம். பிறகு புதிய பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால், அதிகப்படியாக ஊற்றிய ஆயில் குடுவை வழிந்து வண்டியின் வண்ணப்பூச்சை உரிக்கும். அது வேறு தண்டம்.

ஒலியும் ஓர் எச்சரிக்கை. பல பேடுகளில் வளைந்த சிறிய எஃகு நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பேட் ஏறத்தாழ 2 அல்லது 3 மி.மீ.க்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சென்று கத்தும். கத்துவதற்காகவே வைக்கப்பட்டது அது. காலையில் பனியிலோ மழையிலோ டிஸ்க்கில் படியும் மெல்லிய துருவாலும் முதல் சில மிதிகளில் ஒலி வரும். அது தானே மறையும். மறையாத கீச்சொலி பேடின் முறையீடு. கீச்சொலி போய்க் கரகரவென்று இரும்பு அரைபடும் ஒலி வந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். சிக்கல் என்னவெனில், இந்த நாக்கு பெரும்பாலும் ஒரு பேடில் மட்டுமே இருக்கும். மலிவான பேடுகள் சிலவற்றில் இருப்பதே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிர்சாதனமும் பாட்டும் ஓடும் காருக்குள் இருந்தால் அதன் குரல் எப்படி எட்டும்? மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுப்பது, மிதி அதிர்வது, நிற்கும் தூரம் கூடுவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதே என்று ஒரு நண்பர் கேட்டார். அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் கருவி. பேடில் பொருள் இல்லையென்றால் அதற்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மாற்றும்போது ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. ஓர் அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். டிஸ்க்கின் தடிமனையும் அளக்கச் சொல்ல வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனதை லேத்தில் கடைந்து மீண்டும் போடுவது தவறு. வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, மிதியைப் பலமுறை மிதித்து இறுக வைக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். பணிமனை வாசலிலேயே சுவரில் மோதிய வண்டிகளின் கதை அதுதான். முதல் 200, 300 கி.மீ. வரை மென்மையாகவே நிறுத்த வேண்டும். புதிய பேடின் முகமும் டிஸ்க்கின் முகமும் ஒன்றோடொன்று பொருந்தக் காலம் தேவை. புது பேட் போட்ட மறுநாளே கொடைக்கானலுக்குக் கிளம்புவது நல்லதல்ல.

என் வண்டியில் ஊசிகளுக்கு கிரீஸ் இட்டு, பேடுகளோடு இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றி, ஆயிலையும் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. ஐந்து வாரங்களுக்கு முன்பு யாராவது சக்கரத்தைக் கழற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல மூன்று மடங்கு. பணத்தை விடுங்கள். பின்னிருக்கையில் ஒரு பத்து வயதுச் சிறுமி இருந்தாள்.

இப்போது ஒரு கேள்வியை அரசின் முன் வைக்க விரும்புகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு புதுப்பிக்கும்போதுதான் வாகனத்தைச் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாடகை வாகனங்களுக்கு அப்படியல்ல. புதிய வாகனத்துக்கு இரண்டு ஆண்டுகள். எட்டு ஆண்டுகள் ஆகும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அந்தச் சோதனைகள் எவ்வளவு கண்டிப்பாக நடக்கின்றன என்பதில் எனக்கு ஐயம் உண்டு என்றாலும், சட்டத்தில் அப்படி ஒரு கண் இருக்கிறது. தனியார் காருக்கு அந்தக் கண் 15 ஆண்டுகளுக்கு மூடியே இருக்கிறது. அதற்குள் அந்தக் கார் மூன்று நான்கு பேர் கைமாறியிருக்கும்; பேடுகள் நான்கைந்து முறை தேய்ந்து முடிந்திருக்கும்.

ஆனால் அதே கார், முதல் ஆண்டு முடிந்ததும் புகைச் சான்று பெற்றாக வேண்டும். அதைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையெனில் அபராதம். புகையை ஆண்டுதோறும் பார்க்கும் அரசு, நிற்குமா என்பதைப் பதினைந்து ஆண்டுகள் பார்ப்பதில்லை! பிரிட்டனில் கார் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆனதும், ஒவ்வோர் ஆண்டும் பிரேக் உள்ளிட்ட சோதனை கட்டாயம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதலில் மூன்று ஆண்டுகள் கழித்து, அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை.

நம் நாட்டில் கோடிக்கணக்கான கார்களுக்கு உடனடியாக ஆண்டுச் சோதனை என்பது இயலாது. லஞ்சத்துக்குப் புதிய வாசல் ஒன்றைத் திறந்ததாகவும் ஆகிவிடலாம். அந்த அச்சம் நியாயமானது. அதைவிட எளிதானதும் செலவில்லாததும் ஒன்று உண்டு. வாகனம் சர்வீஸுக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், நான்கு சக்கரங்களிலும் உள், வெளி பேடுகளின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்து ரசீதில் எழுத வேண்டும் என்று பணிமனைகளுக்கு விதி செய்யலாம். இரத்தப் பரிசோதனை நிலையங்கள் "சர்க்கரை பார்த்தாயிற்று" என்று வாயால் சொல்லி அனுப்புவதில்லை. எண்ணை எழுதித் தருகின்றன. இன்று பெரும்பாலான சர்வீஸ் ரசீதுகளில் "பிரேக் - சரி" என்று ஒரு குறியீடு மட்டுமே இருக்கிறது. என்னுடையதிலும் இருந்தது. பழைய காரை வாங்குபவருக்கும் எண்ணாக எழுதிய வரலாறு பயன்படும். வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது அந்த ரசீதைக் கேட்கலாம் என்பது என் கருத்து. இதை வல்லுநர்கள் விவாதிக்கட்டும்.

விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதால், சென்ற வாரம் வேறொரு பணிமனைக்கு வண்டியை விட்டபோது இதைக் கேட்டேன். பேடுகளை எழுத்தால் அல்ல, எண்ணால் குறித்துத் தர வேண்டும் என்றேன். அங்கிருந்த இளைஞர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு உள்ளே சென்று ஓர் அளவியைத் தேடி எடுத்து, தூசு துடைத்து வந்தார். சக்கரங்களைக் கழற்றி அளந்து எழுதினார்: இடது வெளி 9, இடது உள் 9, வலது வெளி 9, வலது உள் 8. ரசீதை நீட்டும்போது, மூன்று ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன், இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார். வலது உள்பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருப்பது ஏன் என்று நான் கேட்டதும், ஊசிகளைப் பார்க்க மீண்டும் உட்கார்ந்தார்.